தொலைவிலுள்ளோர் துயரும் எமது கருத்தும்

உலகச் செய்திகளைப் பற்றிக் கருத்துக் கூறாத மாணவன் ஒருவனைக் காண்பது அரிது. விடுதியின் பொது அறையிலும், சிற்றுண்டிச்சாலையின் நீண்ட வாங்குகளிலும், விரிவுரையாளர் வருவதற்கு முன் கிடைக்கும் சிறுபொழுதிலும் உலகம் முழுவதும் எம் முன்னிலையில் விசாரணைக்கு எடுக்கப்படுகின்றது. தீர்ப்பும் உடனுக்குடன் வழங்கப்படுகின்றது. எந்த நாடு குற்றவாளி, எந்தத் தலைவன் கோழை, எந்த மக்கள் ஏமாளிகள் என்பவற்றையெல்லாம் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் நாம் முடிவுசெய்துவிடுகின்றோம். இதனை நான் குறையாகக் கூறவில்லை. உலகத்தைப் பற்றிச் சிந்தியாத பல்கலைக்கழகம் பெயரளவிலேயே பல்கலைக்கழகமாகும். ஆயினும், அவ்வாறு கருத்துரைக்கும்போது நாம் செய்யும் செயல் எத்தகையது என்று எம்மை நாமே வினவிக்கொள்வது மிகக் குறைவு.

சில மாதங்களுக்கு முன் அத்தகைய உரையாடலொன்று சூடான் நாட்டில் 2023இல் மூண்ட போரைப் பற்றி எழுந்தது. நண்பர் ஒருவர் எல்லாவற்றுக்கும் வல்லரசுகளே காரணம் என்றார். மற்றொருவர், அந்நாட்டவர் என்றுமே தம்முள் அடித்துக்கொள்பவர்கள் என்றார். மூன்றாமவர், "எங்கட பாடே பெரும்பாடாயிருக்கு, சூடானைப் பற்றி எங்களுக்கென்ன?" என்று சலித்துக்கொண்டார். இம்மூவரையும் மறுத்து அதிக நேரம் பேசியவன் நான். அடுத்த மேசையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த விரிவுரையாளர் ஒருவர் எழுந்து செல்லும்போது என்னை நோக்கி, "தம்பி, அங்கே போரிட்ட இரண்டு தரப்பும் எவை? எதற்காகப் போரிட்டன?" என்று கேட்டார். "தெரியாது, சேர்" என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, கண்டிக்கவுமில்லை. தலையசைத்துவிட்டுச் சென்றுவிட்டார். அரைமணி நேரம் ஒரு மக்களின் துயரத்தைப் பற்றி உரத்த குரலிற் பேசியவனுக்கு அத்துயரத்தை விளைவித்தவர்களின் பெயர்தானும் தெரியாதிருந்தது. அன்று எழுந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

இங்கு ஆராய விரும்பும் வினா இதுவே: எம்மால் மாற்றமுடியாததும் எம்மை நேரடியாகத் தொடாததுமான ஒரு தொலைதூரத் துயரைப் பற்றிக் கருத்துக்கொள்வது ஓர் அறச்செயலா, அன்றி வெறும் பொழுதுபோக்கா? அறச்செயல் எனின், அதற்குரிய கடப்பாடுகள் யாவை?

1. தொலைவும் அறமும்

அடம் சிமித் என்னும் பெயரைக் கேட்டவுடன் பொருளியல் மாணவர் 1776இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலையே நினைவுகூர்வர். அவர் அதற்கு முன்னரே ஒழுக்க உணர்வுகள் பற்றியும் ஒரு நூல் எழுதியவர். அந்நூலில் ஓர் எடுத்துக்காட்டு வருகின்றது. சீனதேசம் முழுவதும் திடீரென ஒரு நிலநடுக்கத்தில் அழிந்துபோனதாகக் கொள்வோம். ஐரோப்பாவில் வாழும் பண்புள்ள ஒருவர் அச்செய்தியைக் கேட்டு வருந்துவார். மனித வாழ்வின் நிலையாமை பற்றிச் சில சொற்கள் கூறுவார். பின்னர் வழமைபோல உண்டு உறங்குவார். ஆனால் மறுநாள் தமது சுண்டுவிரலை இழக்க நேரிடும் என்று அறிந்தாராயின் அவ்விரவு முழுவதும் அவருக்கு உறக்கம் வராது.

எம்மை நன்கு அறிந்தவர் கூறும் சொல் இது. இதனை மட்டும் படித்தவர்கள், மனிதர் தன்னலமிகள் என்பதே சிமித்தின் முடிவு எனக் கருதக்கூடும். அவரோ அடுத்து வேறொரு வினாவைத் தொடுக்கின்றார். அம்மனிதர் தமது விரலைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கோடிக்கணக்கானோரைப் பலிகொடுக்க உடன்படுவாரா? எந்தக் கொடியவனும் அதற்கு அஞ்சுவான் என்கின்றார் சிமித். உணர்ச்சியில் அவ்வளவு தன்னலமுள்ளவன் தீர்ப்பில் ஏன் அவ்வாறு இருப்பதில்லை? எமக்குள்ளே பக்கஞ்சாராது நோக்கும் ஒருவர் இருக்கின்றார், நீ பலருள் ஒருவனேயன்றி வேறல்லை என்று அவர் எமக்கு உணர்த்துகின்றார் என்பதே அவர் தரும் விடை. தொலைவிலுள்ளவருக்காக எம் கண்ணீர் பெருகாதிருக்கலாம். எனினும் அவருக்கு நிகழ்வது அநீதி என்று தீர்ப்பளிக்கும் ஆற்றல் எம்மிடம் உண்டு. கருத்து என்பது இந்த ஆற்றலின் வெளிப்பாடாகும்.

1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்து துன்புற்ற வேளையில், பீற்றர் சிங்கர் என்னும் இளம் மெய்யியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அது மறு ஆண்டில் வெளிவந்தது. ஆழமற்ற குளமொன்றில் ஒரு குழந்தை மூழ்குவதைக் காணும் ஒருவர், தமது உடை சேறாகும் என்று அஞ்சி வாளாவிருக்கலாமா? கூடாதெனின், அக்குழந்தை பத்து அடி தொலைவில் இருப்பதற்கும் பல்லாயிரம் மைல் தொலைவில் இருப்பதற்கும் அறநோக்கில் என்ன வேறுபாடு? தொலைவு கடமையைக் குறைப்பதில்லை என்பதே அவருடைய வாதம்.

சிங்கரின் வாதம் செல்வந்த நாடுகளின் மக்களை நோக்கியது. அவர்கள் தமது மேலதிகப் பணத்தை வழங்கவேண்டும் என்று அவர் கேட்டார். 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தமுடியாது என அறிவித்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஒரு நாட்டின் மாணவனிடம் வழங்குவதற்கு என்ன இருக்கின்றது? பணம் இல்லை; அதிகாரம் இல்லை. அவனிடம் உள்ளவை இரண்டு: கவனமும் தீர்ப்பும். இவை மிகச் சிறியவை என்று தோன்றலாம். இவை இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதை அறிய ஒரு நாட்டின் நூறு நாட்களை நோக்குதல் போதுமானது.

2. ருவாண்டாவின் நூறு நாட்கள்

ருவாண்டா ஆபிரிக்காவின் நடுவிலுள்ள ஒரு மலைநாடு. ஹுற்று, துற்சி எனப்பட்ட இரு பெரும் பிரிவினரும் ஒரே மொழியைப் பேசினர். ஒரே குன்றுகளில் அயலவராக வாழ்ந்தனர். பெருமளவில் ஒரே சமயத்தைப் பின்பற்றினர். பெல்ஜிய ஆட்சியாளர் 1930களில் ஒவ்வொருவரது பிரிவையும் அடையாள அட்டையில் எழுதிவைத்தனர். நெகிழ்ந்திருந்த ஒரு சமூக வேறுபாடு அதனால் மாற்றமுடியாத பிறப்புரிமையாகவும் பிறப்புக்குற்றமாகவும் இறுகியது.

1994 ஏப்ரல் 6ஆம் திகதி இரவு அந்நாட்டுச் சனாதிபதியின் விமானம் தலைநகர் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதம மந்திரியும், அவரைக் காக்கச் சென்ற பெல்ஜியப் படைவீரர் பத்துப்பேரும் கொல்லப்பட்டனர். வீதித் தடைகளில் அடையாள அட்டைகள் பரிசோதிக்கப்பட்டன. ஆயிரம் குன்றுகளின் பெயரைத் தாங்கிய தனியார் வானொலியொன்று கொல்லப்படவேண்டியோரைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது. யூலை நடுப்பகுதி வரையான ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேரளவில் கொல்லப்பட்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்காகும். அவர்களிற் பெரும்பாலோர் துற்சிகள்; கொலைக்கு உடன்படாத ஹுற்றுகளும் அவர்களுள் அடங்குவர்.

உலகம் அப்போது என்ன செய்தது? ஏறத்தாழ 2,500 ஐக்கிய நாடுகள் படைவீரர் அந்நாட்டில் இருந்தனர். அவர்களின் கனேடியத் தளபதி றோமியோ டலேர், ஆயுதக் களஞ்சியங்கள் பற்றியும் துற்சிகளை அழிக்கும் ஆயத்தம் பற்றியும் சனவரி மாதத்திலேயே தலைமையகத்துக்கு அறிவித்திருந்தார். கொலைகள் உச்சநிலையிலிருந்த ஏப்ரல் 21ஆம் திகதி பாதுகாப்புச் சபை அப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. மேலும் கொடிய ஒரு முரண், அவ்வாண்டில் ருவாண்டா அரசே பாதுகாப்புச் சபையின் நிரந்தரமற்ற உறுப்பினர்களுள் ஒன்றாக இருந்தது. கொலைசெய்த அரசின் பிரதிநிதி, கொலையைப் பற்றி ஆராயும் மேசையில் அமர்ந்திருந்தார்.

1948இல் உலக நாடுகள் இனப்படுகொலையைத் தடுப்பதற்கு ஓர் உடன்படிக்கையை ஏற்றிருந்தன. அச்சொல்லைக் கூறினால் கடமை பிறக்கும். ஆகவே வல்லரசுகளின் பேச்சாளர்கள் அச்சொல்லைக் கூறாது தவிர்ப்பதற்குச் சொற்சிலம்பம் ஆடினர். செய்தி நிறுவனங்களோ முதல் வாரங்களில் இதனைப் பெரிதும் ஆதிகாலக் குலப்பகையின் வெடிப்பு என்றே கூறின. ஆபிரிக்காவுக்கு வந்திருந்த நிருபர் பலரின் பார்வை தென்னாபிரிக்காவின் பக்கம் இருந்தது. அங்கே ஏப்ரல் இறுதியில் அனைத்து இனத்தவரும் வாக்களித்த முதலாவது தேர்தல் நடைபெற்றது. ஒரே கண்டத்தில், ஒரே வாரத்தில், ஒரு மக்களின் விடுதலையை உலகம் கொண்டாடியது; இன்னொரு மக்களின் அழிவு பத்திரிகைகளின் உட்பக்கங்களில் ஒதுங்கியது.

யூலையில் நிலைமை தலைகீழாக மாறியது. வெற்றிபெற்ற படைக்கு அஞ்சி ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் சில நாட்களுள் எல்லையைக் கடந்து கோமா என்னும் நகரையடைந்தனர். அங்கே வாந்திபேதி பரவிப் பல்லாயிரவர் மாண்டனர். இப்போது படப்பிடிப்பாளர்கள் வந்தனர். உதவிப் பொருட்கள் விமானங்களில் வந்து குவிந்தன. அந்த அகதிகளுக்கிடையே கொலைகளை நடத்தியவர்களும் இருந்தனர். முகாம்களின் நிருவாகமே பெருமளவில் அவர்கள் கையிற் சென்றது. படம்பிடிக்கக்கூடிய துயரம் உலகத்தின் மனத்தை உருக்கிற்று. படம்பிடிக்கப்படாத துயரம் அதற்கு முன்னரே முடிந்துவிட்டது.

ருவாண்டாவில் உலகம் கருத்தின்றி இருக்கவில்லை என்பது இங்கு கருதத்தக்கது. உலகத்துக்கு ஒரு கருத்து இருந்தது. "அவர்கள் என்றுமே தம்முள் அடித்துக்கொள்பவர்கள்" என்பதே அக்கருத்து. எமது சிற்றுண்டிச்சாலையில் சூடானைப் பற்றி என் நண்பர் கூறியதும் எழுத்துப் பிசகாமல் இதுவேயாகும். அறியாமையிற் பிறந்த அக்கருத்து, செயலின்மைக்கு ஒரு நியாயத்தை வழங்கிற்று. தொன்மையான பகைக்கு எவரும் பொறுப்பில்லை. பொறுப்பில்லாதவிடத்துத் தடுப்பதற்கும் எவருமில்லை. கருத்துகள் பயனற்றவை, ஆகவே தீங்கற்றவை என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். கருத்துகள் ஒரு சூழலை உருவாக்குகின்றன. அரசாங்கங்கள் எதைச் செய்யாது விடலாம் என்பதை அச்சூழலே தீர்மானிக்கின்றது.

3. பார்க்கப்பட்டவரும் பார்ப்பவரும்

ருவாண்டா பற்றிய சுயாதீன விசாரணை அறிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1999இல் வெளியிட்டுத் தனது தோல்வியை ஒப்புக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2012 நவம்பரில், அதே சபை இன்னொரு உள்ளக மீளாய்வை வெளியிட்டது. 2009 மே மாதத்தில் முடிவுற்ற இலங்கைப் போரின் இறுதி மாதங்களில் பொதுமக்களைக் காக்கும் தன் பொறுப்பில் அச்சபை தவறியதை அது எடுத்துரைத்தது. ஒரே நிறுவனம், ஒத்த தன்மையுள்ள தோல்வி, ஒத்த தன்மையுள்ள ஒப்புதல்.

இந்த இடத்தில் இக்கட்டுரை எம்மைத் தொடுகின்றது. 'உலகம் எம்மைப் பார்க்கவில்லை' என்பது எமது மக்களின் வாயில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. அது பொய்யான முறைப்பாடன்று. ஆனால் அதன் அறவியல் உள்ளடக்கத்தை நாம் முழுமையாக உணர்ந்திருக்கின்றோமா? உலகம் எம்மைப் பார்த்திருக்கவேண்டும் என்று கூறும்போது நாம் ஒரு பொதுவிதியை ஏற்றுக்கொள்கின்றோம். எம்மை அறியாத, எம் மொழியைப் பேசாத, எம்மால் எந்தப் பயனும் பெறாத தொலைநாட்டு மனிதனுக்கும் எமது துயரத்தை அறியும் கடமை இருந்தது என்பதே அவ்விதி. நோர்வேயின் மாணவனுக்கும் பிரேசிலின் தொழிலாளிக்கும் அக்கடமை இருந்ததாயின், சூடானியரைக் குறித்து அதே கடமை எமக்கும் உண்டு. இல்லையெனக் கூறுவோமாயின் எமது முறைப்பாடும் அதனோடு வீழ்ந்துவிடும். 'எங்களுக்கென்ன?' என்ற நண்பரின் கூற்றுக்கு நான் காணும் விடை இதுவே. அவ்வாறு கேட்கும் உரிமையை, உலகத்திடம் நீதி கேட்ட அன்றே நாம் துறந்துவிட்டோம்.

இதனை இன்னும் அண்மையில் வைத்து நோக்குதல் நேர்மையாகும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் தமது வீடுகளையும் நிலங்களையும் விட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளாற் கட்டளையிடப்பட்டனர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் நாட்கணக்கில், சில இடங்களில் மணிக்கணக்கில், வெளியேற்றப்பட்டனர். அவர்கள் தொலைவில் இருந்தவர்கள் அல்லர். எம் மொழியைப் பேசியவர்கள். எம் பாடசாலைகளில் கற்பித்தவர்கள், கற்றவர்கள். அச்சம் நிலவிய காலம் என்பது உண்மை. அச்சம் நீங்கிய பின்னரும் நாம் எவ்வளவு பேசினோம், எவ்வளவு எழுதினோம் என்பதே வினா. ஆகவே தொலைவு என்பது மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. அடுத்த தெருவில் உள்ளவரையும் மனம் தொலைவில் வைக்கவல்லது. அவ்வாறே தொலைவிலுள்ளவரை அடுத்த தெருவுக்குக் கொண்டுவரவும் வல்லது.

4. கருத்துரைப்போனின் கடப்பாடுகள்

தொலைவிலுள்ளோர் துயரைப் பற்றிக் கருத்துக்கொள்வது ஓர் அறச்செயல் என்பதை ஏற்போமாயின், அதனைச் செய்யும் முறையும் அறத்துக்கு உட்பட்டதாகும். மூன்று கடப்பாடுகளை இங்கு முன்வைக்கின்றேன்.

முதலாவது, அறிதல். திருக்குறளில் 'கேள்வி' என்னும் அதிகாரத்தை அடுத்து 'அறிவுடைமை' என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. இவ்வைப்புமுறை கருத்தூன்றத்தக்கது. கேட்டது எல்லாம் அறிவாகிவிடுவதில்லை. கேட்டதற்கும் அறிந்ததற்கும் இடையே ஓர் உழைப்பு உண்டு. இன்று கைத்தொலைபேசியில் நொடிக்கொரு செய்தி வந்து சேர்கின்றது. உழைப்பு மட்டும் பழைய அளவினதாகவே உள்ளது.

அச்செய்தியும் வெறும் செய்தியாக வருவதில்லை. எதைச் செய்தியாக்குவது, எந்தச் சொல்லால் கூறுவது என்பவற்றை எவரோ எங்கோ தீர்மானித்த பின்னரே அது எம்மிடம் வருகின்றது. வளர்முக நாடுகளைப் பற்றிய செய்திகளையும் வளர்ந்த நாடுகளின் சில நிறுவனங்களே விநியோகிக்கின்றன என்ற குறை 1970களில் வலுப்பெற்றது. 1976இல் கொழும்பில் நடைபெற்ற அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடும் இதனைப் பொருளாதாரச் சமத்துவத்துக்கு நிகரான பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. யுனெஸ்கோ அமைத்த மக்பிறைட் ஆணைக்குழு 1980இல் தனது அறிக்கையை வெளியிட்டது. அதன்பின் நடந்த விவாதம் வல்லரசுகளின் எதிர்ப்பிலும், செய்தியைத் தாமே கட்டுப்படுத்த விரும்பிய வளர்முக நாட்டு அரசுகளின் சூழ்ச்சியிலும் சிக்கி நலிந்தது. அன்று சொல்லப்பட்ட குறை இன்றும் தீரவில்லை. இன்று செய்தியைத் தெரிவுசெய்யும் பணியில் கணினிக் கணிப்புகளும் சேர்ந்துகொண்டன. அவை எமக்குப் பிடித்தவற்றையே எமக்கு மீண்டும் மீண்டும் காட்டுகின்றன.

விரிவுரையாளரின் வினாவுக்குப் பின் நான் நூலகத்துக்குச் சென்றேன். 2023 ஏப்ரல் 15ஆம் திகதி சூடானில் மோதத் தொடங்கியவை அந்நாட்டு இராணுவமும், 'விரைவு ஆதரவுப் படை' எனப்பட்ட துணைப்படையும் என்று அறிந்தேன். 2021 ஒக்டோபரில் குடியியல் தலைமையிலான ஆட்சியை ஒன்றுசேர்ந்து கவிழ்த்தவை இவ்விரு படைகளுமே. துணைப்படையின் வேர், 2003இல் தொடங்கிய டார்பூர் கொடுமைகளிற் பங்குகொண்ட ஆயுதக்குழுக்களில் இருந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இப்போரால் இடம்பெயர்ந்தனர். 2024 ஓகஸ்டில் சம்சம் என்னும் அகதி முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டது. இவற்றை அறிய எனக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. அறிந்தபின், 'தம்முள் அடித்துக்கொள்பவர்கள்' என்ற கூற்று எவ்வளவு கொடியது என்பது புலனாயிற்று. அந்நாட்டு மக்கள் 2019இல் மாதக்கணக்காக வீதியில் நின்று, முப்பது ஆண்டுகள் ஆண்ட ஒரு சர்வாதிகாரியின் வீழ்ச்சிக்கு வழிவகுத்தவர்கள். அவர்களின் வெற்றியைப் பறித்த படைகளே பின்னர் ஒன்றையொன்று தாக்கின. 'எல்லாம் வல்லரசுகளால்' என்ற கூற்றும் குறையுடையதே. வெளிநாட்டுத் தலையீடு அங்கு உண்டு. ஆயின் எல்லாவற்றையும் வெளியே ஏற்றிவிட்டால் உள்ளே துப்பாக்கி ஏந்தியவன் தப்பிவிடுகின்றான்.

இரண்டாவது, ஒரே அளவுகோல். ஒரு செயலைக் கண்டிக்குமுன் அல்லது நியாயப்படுத்துமுன், செய்தவரையும் செய்யப்பட்டவரையும் இடம்மாற்றிப் பார்த்தல் வேண்டும். எம் நட்புநாடு செய்தால் தற்காப்பு, பகைநாடு செய்தால் ஆக்கிரமிப்பு, எமக்கு விருப்பமான இயக்கம் செய்தால் தவிர்க்கமுடியாத இழப்பு, மற்றவர் செய்தால் படுகொலை என்று பேசுவோமாயின் அது தீர்ப்பன்று, கட்சிக்கட்டலாகும். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோலின் பெருமை, தட்டில் வைக்கப்பட்டது யாருடைய பொருள் என்று அது கேளாதிருப்பதே.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். நடுவுநிலைமை என்பது இரு பக்கத்தையும் சமமாகக் குறைகூறுவதன்று. துலாக்கோல் பாரம் மிகுந்த பக்கமே சாயும். சாயாத கோல் பழுதடைந்த கோலாகும். ருவாண்டாவில் 'இரு தரப்பும் மோதுகின்றன' என்று கூறியவர்கள் தம்மை நடுநிலையாளர் என்றே கருதினர். நடந்ததோ நிராயுதபாணிகளான மக்களைத் திட்டமிட்டு அழித்தலாகும். ஆராய்வதற்கு முன் சாயாதிருப்பதும், ஆராய்ந்தபின் சாயத் துணிவதும் ஒன்றாகச் சேர்ந்ததே நடுவுநிலைமை.

மூன்றாவது, நிலைத்திருத்தல். செய்தி முதற்பக்கத்திலிருந்து நீங்கியபின்னும் துயரம் நீங்குவதில்லை. முதல் வாரத்தில் எல்லோரும் பேசுகின்றனர். மூன்றாம் மாதத்தில் எவரும் பேசுவதில்லை. மூன்றாம் மாதத்திலேயே பஞ்சம் வருகின்றது, நோய் வருகின்றது, சாட்சிகள் மறைகின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டபோது உலகம் எம்மிடம் வந்தது. அந்த அன்பை நாம் மறத்தற்கில்லை. வீடிழந்தோர் தற்காலிகக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தபோது அந்தக் கூட்டம் கலைந்திருந்தது. கரையோரத்து மக்களுக்கு இது நூலறிவன்று, பட்டறிவு.

5. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இவ்வளவையும் கேட்ட ஒருவர், "உலகின் எல்லாத் துயரத்தையும் ஒரு மாணவன் இவ்வாறு ஆராய்ந்து அறிய முடியுமா? பரீட்சைக்குப் படிப்பது எப்போது?" என்று கேட்கலாம். நியாயமான வினாவே. எல்லாவற்றையும் அறிதல் எவர்க்கும் இயலாது. ஆனால் எல்லாவற்றையும் பற்றிக் கருத்துரைக்குமாறு எம்மை எவரும் கட்டாயப்படுத்தவுமில்லை. ஒன்றை, அல்லது இரண்டை, ஆழமாக அறிந்து தொடர்ந்து கவனிப்பவன், ஐம்பதைப் பற்றி ஆரவாரிப்பவனைவிட உலகத்துக்குப் பயனுள்ளவன். ஏனையவற்றைப் பற்றி 'இதனை நான் இன்னும் அறியேன்' என்று கூறுவதும் நேர்மையான ஒரு நிலைப்பாடே. பல்கலைக்கழகத்தில் நாம் மிக அரிதாகக் கேட்கும் வாக்கியம் அதுவே என்பது வருந்தத்தக்கது.

இன்னொரு மறுப்பு இதனினும் கடினமானது. "அறிந்து கருத்துக்கொண்டாலும் என்ன மாறிவிடும்?" இதற்கு வாதத்தால் விடை கூறுவதைவிட ஒரு நிகழ்ச்சியால் விடை கூறலாம். 1984 யூலையில் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், ஒரு பெருங்கடையின் காசாளராக இருந்த இளம்பெண் ஒருவர், தென்னாபிரிக்காவிலிருந்து வந்த பழங்களுக்குப் பணம் பெற்று விற்க மறுத்தார். நிறவெறி ஆட்சியின் பொருட்களைக் கையாளவேண்டாம் என்பது அவருடைய தொழிற்சங்கத்தின் பணிப்புரை. அவர் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். அவரோடு சேர்ந்து சிலர் வெளிநடப்புச் செய்தனர். தொடக்கத்தில் அவர்களுக்குத் தென்னாபிரிக்காவைப் பற்றித் தெரிந்தது சொற்பமே. மறியலில் நின்ற காலத்திலேயே அவர்கள் அதனைக் கற்றுக்கொண்டனர். மழையிலும் குளிரிலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர்கள் நின்றனர். 1987இல் அயர்லாந்து அரசு தென்னாபிரிக்க விளைபொருட்களின் இறக்குமதியைத் தடைசெய்தது.

அவர்களால் மட்டும் நிறவெறி வீழ்ந்தது என்று கூறுவது மிகையாகும். அதனை வீழ்த்தியவர்கள் முதன்மையாகத் தென்னாபிரிக்க மக்களே. எனினும், இந்நிகழ்ச்சி கருத்துக்கும் செயலுக்கும் உள்ள உறவைக் காட்டுகின்றது. அக்காசாளர் தென்னாபிரிக்காவுக்குச் செல்லவில்லை. அந்நாட்டின் அநீதி அவருடைய கைக்கு எட்டிய இடம் ஒன்று இருந்தது. அது அவருடைய மேசையில் வைக்கப்பட்ட பழம். அந்த இடத்தில் அவர் தம் கருத்துக்கு உரிய விலையைக் கொடுத்தார். எமது மேசைக்கும் இவ்வாறு ஏதோ ஒன்று வருகின்றது. தொலைநாட்டு மக்களை இழிவுசெய்யும் நகைச்சுவை ஒன்று வருகின்றது, நாம் சிரிக்கின்றோம். உண்மையோ என்று பாராது பகிரப்பட்ட படமொன்று வருகின்றது, நாமும் பகிர்கின்றோம். எம் சொந்தக் கூட்டத்தார் செய்த அநீதி ஒன்று பேச்சில் வருகின்றது. நாம் பேச்சை மாற்றுகின்றோம். இவ்விடங்களிலேயே எமது உலகக் கருத்துகள் சோதிக்கப்படுகின்றன. விலை எதுவும் கேட்காத இடத்தில் வீரம் பேசி, விலை கேட்கும் இடத்தில் மௌனிப்பவனின் கருத்து அவனுக்கே சொந்தமானதன்று.

ஆகவே, உலகச் செய்திகளைப் பற்றிக் கருத்துக் கூறுவதை மாணவர் நிறுத்தவேண்டும் என்பது என் முடிவன்று. மிகுதியாகவே கூறவேண்டும். ஆனால் சாட்சிக்கூண்டில் நிற்பவர் கூறுவதுபோலக் கூறவேண்டும்: அறிந்ததை அறிந்தவாறு, யார் கேட்பினும் ஒரே விதமாக, குறுக்கு விசாரணைக்கு அஞ்சாமல். எமது துயரத்தைப் பற்றித் தொலைநாட்டில் எவனோ ஒரு மாணவன் அவ்வாறு பேசியிருக்கவேண்டும் என்று நாம் விரும்பினோம். அவன் பேசினானா, பேசவில்லையா என்பது எம் கையில் இருக்கவில்லை. சூடானிலே ஒரு கொட்டிலில் இருந்து அதே விருப்பத்தைக் கொண்டிருக்கும் ஒருவருக்கு, அந்தத் தொலைநாட்டு மாணவர்கள் நாமே.

அந்த விரிவுரையாளரை மீண்டும் சிற்றுண்டிச்சாலையில் கண்டேன். அவருடைய வினாவுக்கான விடையைக் கூறினேன். அவர் கேட்டிருந்துவிட்டு, "சரி தம்பி, இனி என்ன நினைக்கிறீர்?" என்றார். அன்றுதான் நான் கருத்துக் கூறத் தொடங்கினேன்.